12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குவது எப்படி? முதல் பவர் சர்க்யூட் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய வைஃபை ரவுட்டரின் அடாப்டர் ஒன்று சும்மா கிடக்கலாம். அதில் 12 வோல்ட் வருகிறது. அதை வைத்து ஒரு எல்இடி ஸ்ட்ரிப்பை எரிய வைக்க வேண்டும், அதைக் கட்டுப்படுத்தும் சின்ன போர்டுக்கு மட்டும் 5 வோல்ட் வேண்டும். நடுவில் மூன்று கால் உள்ள ஒரு ஐசி, கூடவே ஏழெட்டு சின்ன பார்ட்ஸ். மதியம் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடிக்கக்கூடிய வேலைதான்.

ஆனால் இதே சர்க்யூட்டில் ஒரே ஒரு ஒயர் லூஸாக இருந்தால் போதும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 வோல்ட் வந்து நிற்கும். போர்டு மாட்டியிருந்தால் சில நொடிகளில் பாழாகிவிடலாம். அதனால் முதல் பவர் சர்க்யூட் செய்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: அளந்து பார்க்காமல் அடுத்த பார்ட்டை மாட்டக் கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விதியைப் பற்றியதுதான்.

ஃபோன் சார்ஜரே 5 வோல்ட் தருதே, எதுக்கு இந்த வேலை?

நியாயமான கேள்வி. ஒரு போர்டை மட்டும் ஓட்ட வேண்டும் என்றால் ஃபோன் சார்ஜரே போதும். ஆனால் எல்இடி ஸ்ட்ரிப், சின்ன ஃபேன், மோட்டார் போன்றவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. இரண்டு அடாப்டர் மாட்டுவதற்குப் பதில் ஒன்றிலிருந்தே இரண்டு வோல்டேஜையும் எடுக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. எலக்ட்ரானிக்ஸில் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்ப்பது "சப்ளை சரியா வருதா?" என்பதைத்தான். அதைக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய சர்க்யூட் கிடையாது.

பார்ட்ஸ் எங்கே வாங்குவது?

சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, மும்பைக்கு லாமிங்டன் ரோடு அப்படி. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். கேட்டால் எல்லாரும் சொல்வது மட்டும் பழைய பெயர்தான். உல்லாஸ்நகரில் இருப்பவர்கள் சிஎஸ்எம்டி பக்கம் போகும் லோக்கலில் ஏறி, தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி, கிராண்ட் ரோடில் இறங்க வேண்டும். மாட்டுங்காவிலிருந்தும், தாராவிக்காரர்கள் ஏறும் சயனிலிருந்தும் இதே வழிதான். செம்பூரிலிருந்து வருபவர்களுக்கு குர்லாவில் ஒரு மாற்றம் கூடும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே போய் வந்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை:

• 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் (வீட்டில் இருந்தால் அதுவே போதும்)
• அடாப்டர் பின் நுழையும் டிசி சாக்கெட், ஸ்குரூ வைத்தது
• 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ், அதற்கான ஹோல்டர்
• 1என்4007 டயோடு
• 7805 ரெகுலேட்டர் ஐசி, இரண்டு (ஒன்று ஸ்பேர்)
• 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர்
• 0.33 மைக்ரோஃபாரட் (334 என்று அச்சிட்டிருக்கும்), 0.1 மைக்ரோஃபாரட் (104 என்று இருக்கும்) கெபாசிட்டர்கள்
• 330 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி
• 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் (சோதனைக்கு)
• பிரெட்போர்டு, ஒயர்கள், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்

7805 ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு வடாபாவ் விலைதான். அது போனால் வருத்தப்பட வேண்டாம். பட்டியலில் கொஞ்சம் செலவு வைப்பது மல்டிமீட்டர். அதை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பது மாதிரி.

அடாப்டரில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உல்லாஸ்நகருக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் ராணுவ முகாமாக இருந்த இடம் இது. பிரிவினைக்குப் பிறகு சிந்து பகுதியிலிருந்து வந்த அகதிகள் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம்ம ராஜாஜி இந்த நகருக்கு அடிக்கல் நாட்டினார். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள், கிடைத்த இடத்தில் சின்னச் சின்னப் பட்டறைகள் போட்டு எதை வேண்டுமானாலும் செய்து காட்டினார்கள். "மேட் இன் யுஎஸ்ஏ" என்றால் "உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்" என்று மும்பையில் இன்னமும் கிண்டலாகச் சொல்வார்கள்.

கிண்டல் இருக்கட்டும். நாட்டின் எந்த ஊர் கடையில் வாங்கினாலும் அடாப்டர் மேல் இருக்கும் பிராண்டு பெயரை வைத்து மட்டும் முடிவு பண்ண முடியாது. லேபிளைப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர், ரவுட்டர் போன்ற சாதனங்களின் அடாப்டர்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம் என்று 2014-ல் மத்திய அரசு ஆணை போட்டது. அதன்படி லேபிளில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும், அதை அடுத்து எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம்? அடாப்டருக்குள் ஒரு பக்கம் 230 வோல்ட், இன்னொரு பக்கம் 12 வோல்ட். இரண்டையும் பிரித்து வைப்பது உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் அதன் இன்சுலேஷனும்தான். அது தரமில்லாமல் இருந்தால், நீங்கள் தைரியமாகத் தொடும் 12 வோல்ட் ஒயரில் 230 வோல்ட் வரலாம்.

லேபிளில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வெளியே வருவது டிசி என்று போட்டிருக்கிறதா? ஏசி தரும் அடாப்டர்களும் உண்டு. இரண்டு, பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா, வெளிவட்டம் பிளஸ்ஸா என்று காட்டும் சின்னப் படம். பெரும்பாலும் நடுதான் பிளஸ். ஆனாலும் நம்பாமல் அளந்து பாருங்கள்.

எந்த வரிசையில் மாட்டுவது?

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் என்று போட்ட துளையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்டேஜ் அளந்தால், மீட்டர் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தப்பு இது.

முதல் கட்டம்: அடாப்டரை மட்டும் அளப்பது. 12-க்குப் பக்கத்தில் வர வேண்டும். மைனஸ் அடையாளத்தோடு வந்தால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. 16, 17 என்று காட்டினால் அது கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டராக இருக்கலாம். லோடு இல்லாதபோது அவை கூடத்தான் காட்டும்.

இரண்டாம் கட்டம்: அடாப்டரைக் கழற்றிவிட்டு ஃபியூஸையும் டயோடையும் வரிசையாக மாட்டுவது. டயோடின் வெள்ளைக் கோடு 7805 இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டிவிட்டால் கரண்ட் உள்ளே போகாமல் தடுப்பது இந்த டயோடுதான். இப்போது அளந்தால் 11.3 வோல்ட் அளவில் வரும். டயோடு தனக்கென்று சுமார் 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். லோடு இல்லாதபோது இன்னும் கொஞ்சம் கூடக் காட்டலாம்.

மூன்றாம் கட்டம்: மறுபடி கழற்றிவிட்டு 7805. எழுத்து உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடது கால் உள்ளே வரும் வோல்டேஜ், நடுக்கால் கிரவுண்டு, வலது கால் வெளியே போகும் 5 வோல்ட். பின்னால் இருக்கும் உலோகத் தகடும் கிரவுண்டுதான். 0.33 கெபாசிட்டர் உள்ளே வரும் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், 0.1 வெளியே போகும் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், இரண்டும் ஐசிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் உள்ளே வரும் பக்கம். அதன் உடம்பில் மைனஸ் பட்டை இருக்கும் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். மாற்றி மாட்டினால் சூடாகி, உப்பி, வெடிக்கவும் செய்யும். முதல் முறை ஆன் பண்ணும்போது முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது வெளியே 4.8-க்கும் 5.2-க்கும் நடுவில் வந்தால் ஓகே.

நான்காம் கட்டம்: 330 ஓம் ரெசிஸ்டரும் எல்இடியும் தொடராக. எல்இடியின் நீளமான கால் பிளஸ். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட், அதை 330-ஆல் வகுத்தால் 9 மில்லிஆம்பியர். எல்இடிக்குத் தாராளம்.

ஐந்தாம் கட்டம்: 100 ஓம் ரெசிஸ்டரை வெளியே போகும் பக்கம் மாட்டி மறுபடி அளப்பது. 50 மில்லிஆம்பியர் ஓடும். அப்போதும் 5 வோல்ட் அசையாமல் நின்றால்தான் உங்கள் சர்க்யூட் பாஸ். உண்மையான போர்டை மாட்டுவது இதற்குப் பிறகுதான்.

வேலை செய்யலைன்னா?

லோக்கல் ரயிலை யோசித்துப் பாருங்கள். கல்யாணில் கிளம்பிய வண்டி தாணேவுக்கு வரவில்லை என்றால், கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். தாதரில் போய்த் தேட மாட்டோம். சர்க்யூட்டிலும் அப்படித்தான். மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்துவிட்டு, சிவப்பு முனையை அடாப்டர், ஃபியூஸ், டயோடு, ஐசியின் உள்ளே, ஐசியின் வெளியே என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்த்துங்கள். எங்கே வோல்டேஜ் காணாமல் போகிறதோ அங்கேதான் பிரச்சினை.

எங்கேயும் வோல்டேஜ் இல்லை: ஃபியூஸ் போயிருக்கலாம். சில பிரெட்போர்டுகளில் ஓரமாக ஓடும் நீளக் கோடு நடுவில் அறுந்திருக்கும். ஒரு பாதியில் சப்ளை கொடுத்துவிட்டு இன்னொரு பாதியில் தேடுவோம். ஒரு சின்ன ஒயரால் இரண்டையும் இணைத்தால் சரியாகிவிடும்.

உள்ளே 11 வோல்ட், வெளியே பூஜ்யம்: வெளியே போகும் பக்கம் ஷார்ட் இருக்கலாம், அல்லது கால்கள் மாறியிருக்கலாம். ஐசி மேல் 7805 என்றுதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். 7905 பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனால் அது மைனஸ் வோல்டேஜுக்கானது, கால் வரிசையும் வேறு.

வெளியே 10 வோல்ட் வருகிறது: உடனே அடாப்டரைக் கழற்றுங்கள். நடுக்கால் கிரவுண்டில் தொடவில்லை. 5 வோல்ட் என்பது கிரவுண்டிலிருந்து எண்ணப்படும் கணக்கு. எண்ணத் தொடங்கும் இடமே தெரியவில்லை என்றால், 7805 உள்ளே வருவதைக் கொஞ்சம் குறைத்து அப்படியே வெளியே தள்ளிவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன லூஸ் ஒயர் இதுதான். பிரெட்போர்டில் இந்த இணைப்பை மட்டும் இரண்டு ஒயர் போட்டுப் பலப்படுத்துவது நல்ல பழக்கம்.

சும்மா இருந்தால் 5, போர்டு மாட்டினால் குறைகிறது: ஐசியின் உள்ளே வரும் காலை அளங்கள். அங்கே 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பிரச்சினை அடாப்டரில். 7805 வேலை செய்ய வெளியே போவதைவிட சுமார் 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். உள்ளே 11 சரியாக இருந்து வெளியே மட்டும் குறைந்தால், ஐசி சூட்டில் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

ஐசி ஏன் இவ்வளவு சூடாகுது?

7805 மிச்ச வோல்டேஜைச் சேமிப்பதில்லை. சூடாக மாற்றித் தூக்கி எறிகிறது. உள்ளே 11.3, வெளியே 5. வித்தியாசம் 6.3 வோல்ட். அதை ஓடும் கரண்டால் பெருக்கினால் எத்தனை வாட் சூடாகிறது என்று கிடைக்கும்.

ஹீட் சிங்க் இல்லாத 7805-க்குள் ஒவ்வொரு வாட்டுக்கும் சூடு சுமார் 65 டிகிரி ஏறும். 50 மில்லிஆம்பியர் ஓடினால் 0.3 வாட், சுமார் 20 டிகிரி ஏற்றம். பிரச்சினை இல்லை. 200 மில்லிஆம்பியரில் 1.26 வாட், 82 டிகிரி ஏற்றம். மும்பையின் 32 டிகிரி அறையில் உள்ளே 114 டிகிரி. விரல் வைத்தால் சுட்டுவிடும். 500 மில்லிஆம்பியரில் கணக்கு 200 டிகிரியைத் தாண்டும். அதற்குள் ஐசி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

"வைஃபை ஆன் ஆனதும் போர்டு ரீசெட் ஆகுது" என்று பலர் குழம்புவது இதனால்தான் இருக்கும். வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் போர்டு சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே சூடாக இருக்கும் ஐசியால் அதைத் தாங்க முடியாது. தொடர்ந்து 200 மில்லிஆம்பியருக்கு மேல் தேவை என்றால் ஹீட் சிங்க் மாட்டுங்கள். இல்லைன்னா எல்எம்2596 போன்ற பக் கன்வர்ட்டர் மாடியூலுக்கு மாறுங்கள். அது மிச்சத்தைச் சூடாக்காமல், வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் வகை. ஒன்று கவனம்: அந்த மாடியூலில் வோல்டேஜைத் திருகி வைக்கும் ஸ்குரூ இருக்கும். கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கலாம். அளந்து 5-க்குக் கொண்டுவந்த பிறகே போர்டை மாட்ட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நானே செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனால் முதல் முறை வேண்டாம். உல்லாஸ்நகரில் மகாவிதரண், தாராவியிலும் மாட்டுங்காவிலும் பெஸ்ட் என்று பில் அனுப்புபவர் மாறலாம். பிளக்கில் வருவது எங்கேயும் 230 வோல்ட்தான். ரூம்-கிச்சன் வீட்டில் நீங்கள் சர்க்யூட் வைக்கும் மேஜையில்தான் அயர்ன் பாக்ஸும் இருக்கும், குழந்தையும் கை நீட்டும். அங்கே திறந்த 230 வோல்ட் ஒயருக்கு இடமில்லை.

எம்சிபி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது வீட்டு ஒயரிங்கைக் காப்பாற்றுவதற்கானது. மனிதரைக் காப்பாற்ற வைப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. உங்கள் வீட்டு மெயின் போர்டில் 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஒரு ஸ்விட்ச் இருந்தால் அது பெரும்பாலும் இதுதான். அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து டிரான்ஸ்ஃபார்மர் சர்க்யூட் செய்யும் நாள் வந்தால், இந்தக் கணக்கு உதவும். 9 வோல்ட் ஏசி என்பது சராசரி போன்ற ஓர் அளவு, அதன் உச்சம் 12.7. பிரிட்ஜில் இரண்டு டயோடுகள் 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ள மிச்சம் 11.3. நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ் என்பதால் கெபாசிட்டர் நொடிக்கு 100 முறை நிரம்பும். நடுவில் 500 மில்லிஆம்பியர் இழுத்தால், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 5 வோல்ட் வரை சரியும். 11.3 போய் 6.3 ஆகும். 7805-க்கு வேண்டிய 7-ஐவிடக் குறைவு. பழைய ரேடியோவில் கேட்கும் "ம்ம்ம்" சத்தம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். 2200 மைக்ரோஃபாரட் போட்டால் சரிவு 2.3 வோல்ட்டோடு நின்றுவிடும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகத் தரும், லைன் வோல்டேஜும் ஏறலாம். அதனால் கெபாசிட்டர் 16 வோல்ட் வேண்டாம், 25 வோல்ட் வாங்குங்கள்.

கடைசியாக, கிளம்பும் முன்...

சர்க்யூட்டில் எதை மாற்றினாலும் அடாப்டரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். நீங்கள் இல்லாதபோது வீட்டில் கட்டிய சர்க்யூட்டை ஆனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மீட்டர் காட்டிய எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: 12.1, 11.4, 5.02 என்று. அடுத்த மாதம் அதே சர்க்யூட் மக்கர் பண்ணும்போது, அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே எந்த ஸ்டேஷனில் வண்டி நின்றது என்று தெரிந்துவிடும்.